கன்னியாகுமரி ஆல்பத்தில் ஒற்றைச் செருப்பு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி படிக்கும்போதே, பாவம் வயதானவள், வீட்டில் தனியாக இருக்கிறாள், மண்டையில் ஏதோ ஓடுகிறது என்று நினைக்கப்போகிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நான் பெற்ற மகனே கேட்டால் அப்படித்தான் நினைப்பான். மலை சுற்றும் பாதையில் குடியிருப்பவள் நான், சித்தரைப் பார்த்தேன், பாறையில் வெளிச்சத்தைப் பார்த்தேன் என்று உடம்பு சிலிர்க்கச் சிலிர்க்க வந்து சொன்னவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதில் ஒருத்தர் சொன்னதையும் நம்பியதில்லை. தலையை ஆட்டுவேன், டம்ளரைக் கழுவப் போய்விடுவேன்.

இன்னொன்று, இது ராத்திரியில் நடந்த சமாச்சாரம் இல்லை. மத்தியானம் இரண்டு மணி, சாப்பிட்டு முடித்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு, மடியில் டேப்பை, பெரிய போன் மாதிரி இருக்குமே அதை, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நடந்தது. அப்போது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு வராது, வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில் இருக்கிறது. முன்பக்கத்து அறைதான் கடை. என் வீட்டுக்காரர் அங்கே முப்பத்து நாலு வருஷம் டீக்கடை நடத்தினார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் வரும், அன்றைக்கு டீ, சுண்டல், தண்ணீர் பாட்டில் என்று விடிய விடிய ஓடும், அடுத்த இரண்டு நாள் பாத்திரம் கழுவிக் காய வைக்கவே சரியாக இருக்கும். கல்யாணமான புதிதில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன், எனக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று. அதற்கென்ன, இந்தப் பௌர்ணமி முடியட்டும் என்றார். முடிந்தது. அடுத்தது வந்தது. பௌர்ணமி மாதம் தவறாமல் வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே முகத்தோடு அதையே சொல்வார், நானும் அதே முகத்தோடு கேட்டுக்கொள்வேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். விட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கோயில் ஊர்க்காரர்கள் நிறையப் பேரிடம் பார்க்கலாம். செருப்பை ஜோடியாக விட்டால் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று, ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் என்று பிரித்து விடுவார்கள், ஒற்றைச் செருப்பை எவன் தொடுவான். கோயில் வாசலில் அப்படிச் செய்தால் நியாயம். இவர் சொந்த வீட்டு வாசலிலேயே செய்வார். ஒன்று படியின் இந்தக் கோடியில் கிடக்கும், இன்னொன்று தண்ணீர்க் குழாய்க்குப் பின்னாலோ பெஞ்சுக்கு அடியிலோ எங்கேயோ கிடக்கும். காலையில் கிளம்பும்போது அவருக்கே மறந்துபோகும், தேடிக் கொடுப்பது என் வேலை. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது கால் வார் பிய்த்துக்கொண்டு வந்ததற்கு நான்தான் என் வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். வலது காலில் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சிந்திய சுண்ணாம்பு, கட்டை விரல் படுகிற இடத்தில், ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு.

இரண்டு வருஷம் முன்பு, ஒரு பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை, கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய துணிமணிகளைச் சுடுகாட்டுக்கு அனுப்ப மூட்டை கட்டும்போது செருப்பையும் சேர்த்துப் போட வேண்டும் என்றார்கள். வலது கால் கிடைத்தது. இடது கால் கிடைக்கவில்லை. வீடு முழுக்கத் தேடினோம், குழாயடி, விறகு அடுக்கு, பக்கத்து வீட்டு வாசல் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் வலது காலை மட்டும் மூட்டையில் வைத்துக் கட்டினாள் என் நாத்தனார் வசந்தா. செத்த பிறகும் தேட விட்டுவிட்டுப் போனார் பாருங்கள் என்று எனக்கு அழுகைக்கு நடுவிலும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு கடையைத் திறக்கவில்லை. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குக் கடைக்கதவின் இரும்புத் தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்கும். அவர் கடை திறக்கிற நேரம் அது. முதல் நாள் எழுந்துபோய்ப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. விடியற்காலைக் குளிரில் கதவுக் கட்டை சுருங்கும், இரும்பு முனகும், இதில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். அதன் பிறகு தினம் கேட்கும். சில நாள் படுத்தபடியே, சரி சரி, கேட்டது என்று சொல்லிவிட்டுத் தூங்குவேன். நம்பிக்கை இல்லாதவள்தான், இருந்தாலும் சொல்வேன்.

வசந்தா என் வீட்டுக்காரரின் தங்கை, டவுனில் இருக்கிறாள். வாய் ஜாஸ்தி, மனசு நல்லது. அவள்தான் போன மார்கழியில் வந்து நின்றாள்.

"அண்ணி, டூர் பஸ் ஒண்ணு போவுது, கன்னியாகுமரிக்கு. நாலு நாளு. ரெண்டு சீட்டு சொல்லிட்டேன்."

"எனக்கெதுக்கு வசந்தா."

"எதுக்கா? எங்கண்ணன் தான் இட்டுக்கினு போவல. நான் இட்டுக்கினு போறேன், வா."

போனேன். அறுபது வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தேன். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எனக்கு எழுத வராது. தண்ணீரில் கால் வைத்ததும் அழுகை வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று வசந்தா நினைத்தாள். பாதி அதுதான். மீதிப் பாதி, இதோ பார், இதைத்தான் கேட்டேன் என்று திரும்பிச் சொல்ல ஆள் இல்லையே என்கிற ஆத்திரம்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் என் மருமகள் பிரியா தன்னுடைய பழைய டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் மகன் குமாரும் டவுனைத் தாண்டி வேங்கிக்காலில் இருக்கிறார்கள். டூரில் எடுத்த படங்களை வைத்து நாமே பக்கம் பக்கமாக ஆல்பம் செய்யலாம், முடிந்ததும் ஸ்டூடியோவில் புத்தகமாக அச்சடித்துத் தருவார்கள் என்றாள். வெள்ளைப் பக்கம் ஒன்று வரும், நிறம் கொடுக்கலாம், படத்தை விரலால் இழுத்துவந்து வைக்கலாம், சாய்க்கலாம், வேண்டாததை வெட்டலாம், பக்கத்தில் சங்கு, தென்னை மரம் எல்லாம் ஒட்டலாம், கீழே எழுதலாம். இரண்டே நாளில் கற்றுக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம். ஒரு கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரித்தான், எது எங்கே என்று கைக்குத் தெரிந்துவிட்டால் போதும். தினம் மத்தியானம் ஒரு பக்கம் என்று செய்தேன். வாழ்க்கையில் எனக்கென்று நான் செய்த ஒரே காரியம் அதுதான் என்று சொல்வேன்.

முதல் பக்கத்தில்தான் சண்டை வந்தது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, காதுகுத்து பேனரானாலும் சரி, குடும்பத்தில் காலமான பெரியவர் படத்தை முட்டை வடிவத்தில் மேலே போட்டு, ஆசியுடன் என்று எழுதுவது வழக்கம். பிரியா அதையே இங்கேயும் வைத்திருந்தாள். நான் எடுத்துவிட்டேன். மறுநாள் திறந்தால் திரும்ப இருந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி வந்தது. நானும் ஒரு நிமிஷம் திகைத்தேன்தான், ஆனால் அது ஒன்றும் மாயம் இல்லை, அவள் வீட்டிலிருந்தே தன் போனில் இந்த ஆல்பத்தைத் திறந்து வைக்கிறாள் என்று தெரிந்தது. குமார் போன் செய்தான்.

"அம்மா, அப்பா படம் இல்லாம முதல் பக்கம் எப்டிம்மா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"பாக்கப்போறவ நான். எனக்கு ஒண்ணும் நெனைப்பு இல்ல."

"அவரு ஆசீர்வாதத்துலதான போய் வந்த."

"வசந்தா இட்டுக்கினு போனா. போய் வந்தேன்."

பிறகு, "அப்பா மேல இன்னும் இவ்ளோ கோவமாம்மா?" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். கோபமா என்று கேட்கிறான். அடுப்பங்கரையில் என் படம் இருந்திருக்கிறதா, கடையில் என் படம் இருந்திருக்கிறதா, எல்லா இடத்திலும் அவர் படம் மாலையோடு தொங்குகிறது, நான் ஒன்றும் சொல்லவில்லையே. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இந்த நாலு நாளும் இந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கமும் என்னுடையதாக இருக்க வேண்டும். வராத ஆளுக்கு அதில் இடம் கிடையாது. பிரியாவிடம் கண்டித்துச் சொன்னேன், அத்தை இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை, அன்றோடு முட்டைப் படம் வருவது நின்றது.

இதற்குப் பிறகுதான் அது.

வசந்தா எடுத்த படங்கள்தான் எல்லாம். அவளுக்குப் படம் எடுக்கத் தெரியாது, போனைக் கவிழ்த்துப் பிடிப்பாள், எந்தப் படத்தைப் பார்த்தாலும் பாதி தரைதான். ஆள் மேலே இருப்பாள், கீழே எல்லாம் மண்ணும் சிமெண்டும். அதனால் ஒவ்வொரு படத்திலும் தரையை வெட்டுவது என் முதல் வேலை. அன்றைக்கு லாட்ஜ் வராந்தாவில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நான் அறைக் கதவை ஒட்டி, வழக்கம்போல முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என் செருப்பு மிதியடிக்குப் பக்கத்தில் ஜோடியாக இருக்கிறது. தரையை வெட்ட விரலை வைத்தபோது எதிர்ச் சுவரோரம் ஏதோ நீலமாகத் தெரிந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். செருப்பு. நீல வார். ஒற்றை. இடது கால்.

யாரோ விட்டிருப்பார்கள் என்று இன்னும் பெரிதாக்கினேன். வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு.

எனக்கு முதலில் வந்த நினைப்பு பிரியாதான். முட்டைப் படம் போய் இப்போது இதை ஒட்டியிருக்கிறாளா என்று உடனே போன் போட்டேன்.

"பிரியா, படத்துல செருப்பு ஒட்டினியா?"

"இன்னா அத்தை?"

"மாமா செருப்பு. லாட்ஜ் படத்துல."

"சங்கு இருக்குது, குடை இருக்குது, செருப்புக்கெல்லாம் யாரு அத்தை ஸ்டிக்கர் போடுவாங்க." அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தி, "அத்தை, மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

மாத்திரை. அந்த வார்த்தைக்கு நான் அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை.

டேப்பை வைத்துவிட்டு என் போனை எடுத்தேன். வசந்தா டூரிலேயே எல்லாப் படத்தையும் அதற்கு அனுப்பியிருந்தாள், இந்த ஆல்பத்துக்கு வருவதற்கு முன்பே இருந்த படங்கள் அவை. அதிலும் இருந்தது. அதே சுவரோரம், அதே ஊக்கு.

பிறகு ஒவ்வொரு படமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இதோடு மூடி வைத்துவிடுங்கள், உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கிளம்புகிற அன்று விடியற்காலை நான் வீட்டைப் பூட்டுகிறபோது வசந்தா எடுத்த படம் இருந்தது, படியின் அந்தக் கோடியில், குழாயடியில், நீலமாக அது கிடந்தது. இரண்டு வருஷம் முன்பு நானும் அவளும் குனிந்து குனிந்து தேடிய அதே குழாயடி. அடுத்தது பஸ் டீ குடிக்க நின்ற இடம், நான் படிக்கட்டில் நிற்கிறேன், பின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அங்கே கிடந்த அத்தனை செருப்புக்கு நடுவில் என்னுடையதைக் கண்டுபிடித்தேன், அதிலிருந்து இரண்டு வரிசை தள்ளி அது. பிறகு லாட்ஜ் வராந்தா, எதிர்ச் சுவர், நாலு அடி இருக்கும். நாள் ஆக ஆகக் கிட்டே வந்திருக்கிறது.

கடைசி நாள் காலை, சூரியன் வந்த பிறகு எடுத்த கடல் படத்தைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வசந்தாவைக் கூப்பிட்டேன். ஆட்டோ பிடித்து வந்தாள்.

"இன்னா அண்ணி, உடம்பு முடியலையா?"

"இந்தப் படத்தைப் பாரு. கீழ பாரு. இன்னா தெரியுதுன்னு நீயே சொல்லு."

ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல்தான் கையில் கொடுத்தேன், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள், திரும்பச் சிறிதாக்கினாள், திரும்பப் பெரிதாக்கினாள்.

"ரெண்டும் கீது அண்ணி," என்றாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். நான் கணுக்கால் தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் மணலில் நான் கழற்றிவிட்ட செருப்பு. அதை ஒட்டி, இடைவெளி இல்லாமல், நீல வார்ச் செருப்பு, இந்தத் தடவை இரண்டு காலும். இடது காலில் ஊக்கு. வலது காலில் கட்டை விரல் படுகிற இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

"இந்தச் சுண்ணாம்புச் செருப்பை நான்தான துணியோட வெச்சுக் கட்டினேன்," என்றாள் வசந்தா. "என் கையால முடிச்சுப் போட்டேனே." பிறகு மெதுவாக, "ஜோடியா விட்டிருக்குது பாரு. எங்கண்ணன் எங்க அண்ணி ஜோடியா வுட்டாரு?"

அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்துபோய் அவர் படத்துக்கு முன்னால் நின்றேன். முப்பத்து நாலு வருஷம் நான் அவர் முகத்துக்கு நேராக நின்று சத்தமாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அன்றைக்குப் பேசினேன்.

"கேட்டப்ப வரல. பௌர்ணமி, பௌர்ணமின்ன. இப்ப யாரு உன்னைக் கூப்ட்டது? வந்ததுதான் வந்த, வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? நான் அங்க தனியா நின்னு அழுதேனே, பின்னால நின்னு வேடிக்கை பாத்துக்கினு இருந்தியா?"

அவரை ஒருமையில் பேசியதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. தன் அண்ணனைப் பேசினேன் என்று வசந்தா கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

"நம்ம கூடவே வந்திருக்காரு அண்ணி," என்றாள். "பாவம்."

"பாவமா? டிக்கெட் இல்லாம ஊரு சுத்திட்டு வந்திருக்காரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். இது என் ஆல்பம், வராத ஆளுக்கு இடம் இல்லை என்றுதான் முதலில் சொன்னேன், சொல்லாமல் வந்த ஆளுக்கும் இல்லை. குழாயடியை வெட்டினேன். பஸ் சக்கரத்தை வெட்டினேன். அரண்மனை வாசலில் பாதிச் செருப்புக் கும்பலையே வெட்டினேன். வராந்தாவின் எதிர்ச் சுவரை வெட்டினேன். சுலபமாகத்தான் இருந்தது, எல்லாவற்றிலும் அவர் ஓரமாகத்தானே இருந்தார். அவர் உயிரோடு இருந்த காலத்தில் எல்லாப் படத்திலும் ஓரமாக நின்று வெட்டுப்பட்டவள் நான். குமார் கல்யாண ஆல்பத்தில்கூட என் பாதித் தோள்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கடல் படம். இதில் மட்டும் முடியவில்லை. இந்தப் பக்கமிருந்து வெட்டிப் பார்த்தேன், என் செருப்பு போனது. அந்தப் பக்கமிருந்து வெட்டினால் தண்ணீரில் நிற்கிற நானே போகிறேன். மொத்தமாகக் கீழே வெட்டினால் நான்கும் போகிறது, வெறும் கடலும் ஒரு முதுகும்தான் மிச்சம், அந்தப் பொம்பளை யார் என்று எனக்கே தெரியவில்லை. பிரியா கற்றுக்கொடுத்த மாதிரி விரலால் சுற்றி வரைந்து அதை மட்டும் எடுக்கப் பார்த்தேன், அவர் வாரும் என் வாரும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, எடுத்தால் என் செருப்பில் ஓட்டை விழுகிறது. இரண்டு மத்தியானம் போராடினேன். என் செருப்பை வெட்டாமல் அவர் செருப்பை வெட்ட முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். கீழே மட்டும் எழுதினேன், வந்தவர் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று.

அச்சடித்த புத்தகம் வந்தபோது குமார் புரட்டிப் பார்த்தான். முதல் பக்கத்தில் அப்பா இல்லாததைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கடைசிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். "யாரும்மா வந்தது? இது யார் செருப்பு?" என்றான். அப்பன் காலில் பத்து வருஷம் பார்த்த செருப்பு, அவனுக்குத் தெரியவில்லை. "பஸ்ல வந்தவங்க யாரோ" என்றேன். அவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவனும் மாத்திரை போட்டியா என்பான்.

இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கோபத்தை மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பேன், எத்தனை மடித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஆல்பத்தில் சேர்க்காத ஒரு படம் இருக்கிறது. திரும்பி வந்த அன்று நான் பூட்டைத் திறக்கும்போது வசந்தா எடுத்தது, வழக்கம்போலப் பாதி தரை. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படி, குழாயடி, பெஞ்சுக்கு அடி, விறகு அடுக்கு, ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். என் செருப்பு இருக்கிறது. வசந்தா செருப்பு இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. திரும்புகிற பஸ்ஸில் எடுத்த படங்கள் ஏழு இருக்கின்றன, அவற்றிலும் இல்லை.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கன்னியாகுமரியிலிருந்து வந்த நாளாகத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவே இல்லை. முதலில் பயண அலுப்பு, நன்றாகத் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வேண்டுமென்றே மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்தேன். நாலு ஆனது. நாலரை ஆனது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. கதவுக் கட்டை சுருங்கவும் இல்லை, இரும்பு முனகவும் இல்லை. குளிர் அதே குளிர்தான்.

வசந்தாவிடம் சொன்னேன். "இன்னொரு தபா போய்ப் பாக்கலாமா அண்ணி, கூட்டிக்கினு வந்துடலாம்," என்றாள், விளையாட்டுக்குச் சொன்னாளா நிஜமாகவே சொன்னாளா தெரியவில்லை.

"வழி தெரியாத ஆளா அவரு," என்றேன். "வரணும்னா வரட்டும்."

இப்போதும் நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். சரி சரி, கேட்டது என்று சொல்ல வாய் தயாராக இருக்கும். ஒன்றும் கேட்காது. நாலு நாளில் திரும்பிவிடுவோம் என்று கடைக்கதவைப் பார்த்துச் சொல்லித்தான் வீட்டைப் பூட்டினேன். நான் நாலாவது நாள் திரும்பி வந்துவிட்டேன்.